சாந்தம் இன்னும் இயங்குகிறது

ஜெசிந்தா அந்தப் பொத்தானை அழுத்தியபோது காலை மணி பதினொன்று பத்து. பதினொன்று பன்னிரண்டுக்குத் திருவேங்கடம் உயிரோடு இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் முதல் மாடியில் புகார் மையம் இருந்தது. விமானம் தாமதமானவர்கள், ஆஸ்பத்திரி பில்லில் ஏமாந்தவர்கள், ஃபிரிட்ஜ் வாங்கி மூன்றாம் நாளே கெட்டுப் போனவர்கள் எல்லோரும் அழைக்கும் எண் அங்கேதான் ஒலிக்கும். நூற்று நாற்பது பேர் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து நாள் முழுக்கத் திட்டு வாங்குவார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது ஜெசிந்தாவின் வேலை. முப்பத்து நான்கு வயது, தூத்துக்குடிக்காரி. பிரிண்டர் சிக்கினாலும் மவுஸ் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று காலை அவளுக்கு வந்த முதல் புகார் டிக்கெட், சி வரிசையில் உட்காரும் பரந்தாமனுடையது. 'சாந்தம் மூடமாட்டேங்குது. மூடிட்டு மறுபடி திறந்தா, சாந்தம் இன்னும் இயங்குகிறதுன்னு வருது. தயவுசெய்து இன்னிக்கே சரி பண்ணவும்.'

சாந்தம் என்பது ஒரு மென்பொருள். வந்து இரண்டு வருடமாகிறது. விருப்பப்பட்ட ஊழியர்களுக்குக் காதின் பின்னால், தோலுக்கு அடியில், ஓர் அரிசி அளவுக்குச் சில்லு வைத்தார்கள். அழைப்பவர் அம்மாவை இழுத்துத் திட்டும்போது ஏறும் கோபத்தை, அது நாக்குக்கும் கைக்கும் வருவதற்கு முன்னால், அந்தச் சில்லு பிடித்து நிறுத்திவிடும். மேசையில் இருக்கும் கணினியில் சாந்தம் ஓடிக்கொண்டிருக்கும். சில்லு அது சொல்வதைக் கேட்கும். வேலை முடிந்ததும் மெனுவுக்குப் போய் 'மூடு' என்று கொடுத்தால், பதினெட்டு நிமிடம் இறக்கம் நடக்கும். அந்தப் பதினெட்டு நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பு நடுங்கும், பல் கிட்டிக்கும், சிலர் அழுவார்கள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் கம்பெனி பஸ் ஐந்தே காலுக்குக் கிளம்பிவிடும். ஜன்னலின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைத் தட்டினால் ஜன்னல் உடனே மறைந்துவிடும். எல்லோரும் அதைத்தான் தட்டினார்கள்.

"மூணு நாளா மெனுல போய் மூடிப் பாக்கறேன், அசையவே மாட்டேங்குது," என்றான் பரந்தாமன். நாற்பத்தொரு வயது. நன்றாகச் சவரம் செய்த, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் முகம். அந்த மாடியிலேயே மென்மையாகப் பேசுபவன் என்று அவனுக்குப் பெயர்.

"ஹேங் ஆயிருக்கும் சார். நகருங்க, பாக்கறேன்."

அவன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிக்கொண்டான். ஜெசிந்தா பெருக்கல் குறியைத் தட்டினாள், ஜன்னல் மறைந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். அங்கே சாந்தம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்தான் போயிருந்ததே தவிர நிரல் போகவில்லை. கணினியின் நினைவகத்தில் பாதியை அது விழுங்கியிருந்தது. இப்படி அடம்பிடிக்கும் நிரல்களைத் தினமும் பத்துத் தடவை அவள் நிறுத்துவாள்.

"இதை நிறுத்தினா எனக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டான் பரந்தாமன்.

"ஒண்ணும் ஆகாது சார். சாஃப்ட்வேர்தானே."

சாந்தத்தைப் பற்றி அவளுக்குத் தந்திருந்தது ஒரே ஒரு தாள். எப்படி நிறுவுவது என்று அதில் இருந்தது. எப்படி நிறுத்தக்கூடாது என்று இல்லை. அவள் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தாள்.

அந்த நேரத்தில் குழுத் தலைவர் திருவேங்கடம் கையில் டீயோடு வந்தார். பரந்தாமனும் அவரும் ஒன்பது வருட நண்பர்கள். "என்ன பரந்தா, சரியாச்சா?" என்று அவன் தோளில் கை வைத்தார்.

பரந்தாமனின் கழுத்து நரம்புகள் கயிறு மாதிரிப் புடைத்தன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை இல்லை. மேசையிலிருந்த மானிட்டரை இரண்டு கையாலும் பிடுங்கி, எழுந்த வேகத்திலேயே திருவேங்கடத்தின் முகத்தில் அறைந்தான். டீ சிதறியது. அவர் மல்லாக்க விழுந்தார். பரந்தாமன் அவர் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றி, மானிட்டரின் இரும்புக் காலால் குத்தினான். முதல் குத்தில் தாடை உடைந்தது. மூன்றாவதில் அவர் கைகள் தடுப்பதை நிறுத்தின. அவன் நிறுத்தவில்லை.

ஜெசிந்தா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே அவள் வலது கையைப் பற்றி விரல்களைப் பின்னால் வளைத்தான். இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. மூன்று செக்யூரிட்டி ஆட்கள் பாய்ந்து அவனைக் கவிழ்த்துப் போட்டுக் கைகளை முதுகில் மடக்கினார்கள். அப்போதும் அவன் தலையைத் தரையில் மோதிக்கொண்டே இருந்தான். ரத்தம் சி வரிசையின் மேசைகளுக்கு அடியில் போய், தரையில் கிடந்த வயர்களுக்கு நடுவே தேங்கியது.

பிற்பாடு அவன் போலீஸில் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னான். அடித்தபோது தனக்கு நினைவு இருந்தது, அது திருவேங்கடம் என்று தெரிந்தது, தெரிந்தே அடித்தான்.

*

எல்லோரையும் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுப்பினார்கள். போலீஸ் வந்தது. கட்டட நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் நீலமேகம் சட்டை முழுக்க வியர்வையோடு இங்குமங்கும் ஓடினார். ஜெசிந்தா முறிந்த விரல்களைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, தான் மட்டும் மேலேயே தங்கி, சாந்தம் தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணைச் செல்போனில் அழைத்தாள். ரிஸ்வான் என்ற பொறியாளர் எடுத்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எண்ட் டாஸ்க் குடுத்தீங்களா?" என்றான் ரிஸ்வான். "மேடம், அப்ப அவரு பக்கத்துல இருந்தாரா?"

"பக்கத்து நாற்காலில."

"அல்லாவே! மேடம், கோபம் எங்கயும் போறதில்ல. சில்லு அதைப் பிடிச்சு வச்சிருக்கு. சாந்தம் ஓடுற வரைக்கும்தான் பிடிச்சு வைக்கும். முறையா மூடினா கொஞ்சம் கொஞ்சமா விடும். நீங்க நிரலைக் கொன்னுட்டா, சில்லு பிடியை மொத்தமா விட்டுடும்."

"அப்ப தினமும் வீட்டுக்குப் போறாங்களே? அப்ப மட்டும் ஏன் விடல?"

"வீட்டுக்குப் போனா, ஆள் தூரமாப் போயிட்டான்னு நினைச்சுக்கிட்டுச் சில்லு பிடிச்சபடியே இருக்கும். பக்கத்துல இருக்கறப்ப நிரல் செத்தா, பிடிச்சு வைக்கச் சொல்ல இனி யாருமே இல்லேன்னு நினைச்சுக்கும். அவரு எத்தனை நாளா இறக்கம் பண்ணல? உங்க திரையில பாக்கலாம்."

இடது கையால் தட்டி அவள் பார்த்தாள். "இருநூத்துப் பதினொண்ணு."

"இருநூத்துப் பதினோரு நாள் கோபம், மேடம். அந்தப் பெருக்கல் குறியைத் தட்டினா முன்னெல்லாம் ஒரு எச்சரிக்கை வரும், இறக்கம் முடியலைன்னு. அதை எடுத்துடச் சொல்லி உங்க ஆபீஸ்ல இருந்துதான் கடிதம் வந்துச்சு. எச்சரிக்கை வந்தா ஆளுங்க பஸ்ஸை விட்டுடறாங்கன்னு எழுதியிருந்தாங்க."

"யார் கையெழுத்து?"

"நீலமேகம்னு இருந்துச்சு."

ஜெசிந்தா திரையில் மற்றவர்களின் பட்டியலை இறக்கினாள். அந்த மாடியில் ஐம்பத்தெட்டுக் கணினிகளில் சாந்தம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுத் தொண்ணூறு நாள். இருநூற்று நாற்பது நாள். முந்நூற்று இரண்டு நாள்.

"எவ்வளவு தூரம் வரைக்கும் பக்கம்னு கணக்கு?"

"முப்பது மீட்டர்."

வண்டி நிறுத்துமிடம் நேர் கீழே இருந்தது.

அவள் எழுந்து ஓடுவதற்குள் சி வரிசையின் விளக்குகள் அணைந்தன. உடைந்த மானிட்டரின் வயரில் பொறி பறக்கிறது என்று யாரோ சொல்ல, நீலமேகம் அந்த வரிசைக்கான சுவிட்சை மட்டும் அணைத்திருந்தார். அதில் தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிசையில் எட்டுக் கணினிகள் இருந்தன. அவற்றில் நான்கில் சாந்தம் ஓடிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து முதலில் ஒரு பெண்ணின் அலறல் வந்தது. ஜெசிந்தா ஜன்னலுக்குப் போனாள். நேற்றுவரை அவளுக்கு மாம்பழத் துண்டுகளை டப்பாவில் தந்துகொண்டிருந்த பிரமிளா, ஒரு காவலாளியின் கழுத்தில் பற்களைப் பதித்திருந்தாள். மெலிந்த ஒருவன் ஹெல்மெட்டைச் சுழற்றி, எதிரே வந்தவர்களையெல்லாம் அடித்துக்கொண்டே போனான். யார் என்று அவன் பார்க்கவில்லை. இன்னொருவன் தன் பைக்கைக் கிளப்பிக் கூட்டத்துக்குள் விட்டான். அது இரண்டு பேரை இடித்துச் சுவரில் மோதியது. எழுந்து வந்து அதே சுவரைக் கையால் குத்தினான், முஷ்டியில் எலும்பு தெரியும்வரை. நான்காவது ஆள், ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த ஒரு பெரியவர். அவர் தரையில் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் லத்தியோடு இறங்கினார்கள். லத்தி பட்டதே அந்த நால்வருக்கும் உறைக்கவில்லை.

அந்த நாலு நிமிடத்தில் பதினொரு பேருக்குக் காயம். காவலாளி ஒருவனுக்கு ஒரு கண் போனது.

"மொத்தத்தையும் அணைங்கடா! இந்த மெஷினுங்கதான் காரணம், எல்லாத்தையும் அணைங்க!" என்று கத்திக்கொண்டு நீலமேகம் மின்சார அறைப் பக்கம் ஓடினார்.

ஜெசிந்தா குறுக்கே ஓடி, அந்த அறையின் வாசலில் போய் நின்றாள்.

"சார், அணைக்கக் கூடாது. கீழ இன்னும் ஐம்பத்து நாலு பேர் இருக்காங்க. கரண்ட் போனா அத்தனை பேரும் இப்படித்தான் ஆவாங்க."

"தள்ளு ஜெசி. நீ தொட்டதாலதான் ஒருத்தன் செத்துக் கிடக்கான்."

"ஆமா, நான் தொட்டதாலதான். அதனாலதான் சொல்றேன்."

அவர் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் சுவரில் மோதினாள். முறிந்த விரல்கள் நசுங்கின. அவர் உள்ளே போய் பிரதான சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தார். சுவரில் சிவப்புத் தீயணைப்பான் தொங்கியது. ஜெசிந்தா அதை இடது கையால் கழற்றி, தொடையில் தாங்கித் தூக்கி, தன் முழு எடையோடும் அவர் மணிக்கட்டின் மேல் இறக்கினாள். எலும்பு ஒடிந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அவள் மறுபடி ஓங்கினாள். "இன்னொரு தடவை தொட்டீங்கன்னா மண்டையை உடைப்பேன் சார்," என்றாள். அவள் காதின் பின்னால் சில்லு எதுவும் இல்லை. அந்த அடி முழுக்க அவளுடையது. அதை ஓங்கியபோது அவளுக்கே தன்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் லத்தி.

"அதைக் கீழ வைம்மா."

"வைக்கிறேன் மேடம். அவரு சுவிட்சைத் தொட மாட்டாருன்னு நீங்க சொல்லுங்க, வைக்கிறேன்."

மூச்சு வாங்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போனை ஒலிபெருக்கியில் போட்டு ரிஸ்வானைப் பேச வைத்தாள். இன்ஸ்பெக்டர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எல்லாரையும் வேனுல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டா பிரச்சினை தீர்ந்ததுதானே?"

"இல்ல மேடம்," என்றான் ரிஸ்வான். "சில்லுக்கு சார்ஜ் ஏறுறதே அந்த ஹெட்செட்லருந்துதான். நாலு நாள் தாங்கும். அஞ்சாம் நாள் அவங்க வீட்டுல, குழந்தைங்க பக்கத்துல உக்காந்திருக்கறப்ப அதுவா விட்டுடும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மெஷின் முன்னாடி உக்காந்து இறக்கித்தான் ஆகணும். வேற வழியில்ல."

இன்ஸ்பெக்டர் மின்சார அறையைப் பூட்டி, வெளியே இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

*

இறக்கம் ஒன்பது நாள் நடந்தது. இருநூறு நாள் கோபத்தைப் பதினெட்டுப் பதினெட்டு நிமிடமாக இறக்க, ஒருவருக்கு அறுபது மணி நேரம் ஆயிற்று. ரிஸ்வான் நேரில் வந்து, அசையாமல் கிடந்த மெனுவை ஒவ்வொரு கணினியாகச் சரிசெய்தான். மின்வாரிய ஆட்கள் தனியாக ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐம்பத்து நான்கு பேரையும் இடைவெளி விட்டு உட்கார வைத்து, கைகளையும் இடுப்பையும் மெத்தென்ற துணியால் நாற்காலியோடு கட்டினார்கள். வாயில் மடித்த துண்டு. பக்கத்தில் ஒரு நர்ஸ்.

பல் உடைந்தவர்கள் உண்டு. கட்டை அறுத்துக்கொண்டு நர்ஸை உதைத்தவன் உண்டு. துண்டை எடுத்த கணமே, ஏழு மாதத்துக்கு முன் தன்னை வேசி என்று சொன்ன ஒரு குரலுக்கு இப்போது பதில் சொன்னாள் ஒருத்தி. அந்த ஆளின் பெயரைக்கூட மறக்காமல் வைத்திருந்தாள். இன்னொருவன், "சாரி சார், சாரி சார்," என்று சொல்லிக்கொண்டே தன் உதட்டைக் கடித்துத் துப்பினான். ஜெசிந்தா கையில் மாவுக்கட்டோடு ஒன்பது நாளும் அங்கேயே இருந்தாள். ஒவ்வொரு திரையிலும் எண் குறைவதைப் பார்ப்பது அவளுடைய வேலை. ஒருவருக்குப் பூஜ்யம் வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவாள். அவர்களில் பலர் உடனே எழவில்லை. மேசை மேல் தலை வைத்து அப்படியே கிடந்தார்கள்.

கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. நடந்தது ஊழியர் ஒருவரின் சொந்த மனநிலைக் கோளாறு என்றும், கணினிப் பிரிவு ஊழியை விதிமீறிச் செயல்பட்டார் என்றும் அதில் இருந்தது. ஜெசிந்தாவை வேலையை விட்டு நீக்கினார்கள். நீலமேகம் அவள் மேல் அடிதடி வழக்குக் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. எச்சரிக்கையை எடுக்கச் சொன்ன கடிதத்தின் நகலை ரிஸ்வான் போலீஸிடம் தந்தான். தந்த வாரமே அவனுக்கும் வேலை போனது. பிறகு நீலமேகமும் கைதானார், ஜாமீனில் வந்தார். பரந்தாமன் மட்டும் வெளியே வரவில்லை. கொலை செய்தது அவன்தானா, அந்தச் சில்லா, அழுத்திய விரலா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மாதம் ஜெசிந்தா புழல் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்கார்ந்தான். நெற்றியில், தரையில் மோதிக்கொண்ட தழும்பு. சில்லை எடுத்துவிட்டிருந்தார்கள். முகம் இப்போது ஒரே மாதிரி இல்லை. பேசப் பேச மாறிக்கொண்டே இருந்தது.

"கை சரியாயிடுச்சா?" என்றான்.

"ஒரு விரல் மடங்காது. பரவால்ல." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கணும். அந்தக் குறியைத் தட்டினா சாந்தம் மூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. ஜன்னல் போயிடும், ஆனா வீட்டுக்குப் போனாலும் எதுவும் உறைக்காது. அது நல்லாத்தான் இருந்துச்சு. மாமியார் திட்டினாலும் சரி, குழாயில தண்ணி வரலைன்னாலும் சரி, சிரிச்சுக்கிட்டே இருக்கலாம். என் சம்சாரம் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டா, இவரு இப்படியே இருக்கணும்னு. பஸ்ஸுக்காக மட்டும் நாங்க அதைத் தட்டல."

"அப்புறம் ஏன் அன்னிக்கு டிக்கெட் போட்டீங்க? இன்னிக்கே சரி பண்ணணும்னு வேற எழுதியிருந்தீங்க."

அவன் கம்பி வலைக்கு அருகே நகர்ந்தான்.

"என் பொண்ணு நிலானி, ப்ளஸ் ஒன் படிக்கறா. அந்த வாரம் திங்கக்கிழமை டியூஷன்ல இருந்து வந்து எங்கிட்ட ஒண்ணு சொன்னா. அங்க சொல்லிக்குடுக்கற ஆளு அவகிட்ட தப்பா நடந்துக்கிட்டான். சட்டை கிழிஞ்சிருந்தது. நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். கேட்டேன். எல்லாம் புரிஞ்சுது. ஆனா ஒண்ணுமே வரல. சரிம்மா, பாத்துக்கலாம்னு சொல்லிட்டு, ரசம் ஊத்தச் சொன்னேன்."

பரந்தாமன் நெற்றித் தழும்பைத் தடவினான்.

"அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. எனக்கு அதுக்குக்கூட ஒண்ணும் வரல. ஆனா ஏதோ தப்பா இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது. செவ்வா, புதன், வியாழன் மூணு நாளும் மெனுல போய் மூடப் பாத்தேன். மூடல. வெள்ளிக்கிழமை உங்களைக் கூப்பிட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம் வேணும்மா. அந்த ஆளைப் போய்க் கேக்கற அளவுக்கு. அவ்வளவுதான் வேணும்னு இருந்தேன்."

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து நின்றார். பரந்தாமன் எழுந்தான்.

"திருவேங்கடம் வீட்டுக்குப் போனீங்களா?"

"இல்ல சார். தைரியம் வரல."

"போங்க. நீங்கதான் அழுத்தினீங்கன்னு நீங்களே சொல்லுங்க. வக்கீல் வாயால கேக்க வேணாம்."

அவள் வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து நிலானியைப் பற்றிச் சொன்னாள். அந்த டியூஷன் ஆள் மறுநாளே கைதானான். பிறகு ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொரட்டூருக்குப் போனாள்.

திருவேங்கடத்தின் மனைவி அம்சவேணி அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். கதவைத் திறந்தபோது கையில் பாதி உரித்த பூண்டு இருந்தது. ஜெசிந்தா தன் பெயரைச் சொன்னதும், "கம்பெனிலருந்தா? நேத்துதானே ஆள் வந்துட்டுப் போனாங்க," என்றாள்.

"இல்லக்கா. நான் இப்ப அங்க இல்ல. யாரு வந்தாங்க?"

அம்சவேணி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கம்பெனியின் கடிதம். இறந்தவரின் குடும்பத்தினருக்கு ஆறுதலாக, புதிய பதிப்புச் சாந்தத்தை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"இதை வச்சுக்கிட்டா தூக்கம் வரும்னு சொன்னாங்க. மூணு மாசமா நான் தூங்கல. பல்லைக் கடிச்சுக் கடிச்சு ரெண்டு பல்லு ஆடுது. கண்ணை மூடினா அந்தப் பரந்தாமனோட கழுத்தை நெரிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள். "உங்களுக்கு இது பத்தித் தெரியுமா? நிஜமாவே தூக்கம் வருமா?"

"வரும்க்கா."

"அந்தாளு மேல இருக்கற கோபம்?"

"தெரியாமப் போயிடும். உள்ளயே இருக்கும், ஆனா உங்களுக்குத் தெரியாது." ஜெசிந்தா நின்றபடியே சொன்னாள். "அக்கா, அன்னிக்கு பரந்தாமன் சார் கம்ப்யூட்டர்ல அந்த சாந்தத்தை நிறுத்தினது நான்தான். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சுக்காமலே, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு நிறுத்தினேன். என் விரல்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அம்சவேணி அவளை அறைந்தாள். பூண்டுத் தோல் காற்றில் பறந்தது. மறுபடி அறைந்தாள். மூன்றாவது அடி புறங்கையால் விழுந்தது. மோதிரம் பட்டு ஜெசிந்தாவின் கீழுதடு கிழிந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் சாய்த்து, கையை ஓங்கியபடி அவள் மேல்மூச்சு வாங்கினாள். ஜெசிந்தாவின் தாடையிலிருந்து ரத்தம் சொட்டிச் சுடிதாரில் விழுந்தது. அவள் இடது கை இறுக மூடியிருந்தது. ஆனால் எழவில்லை.

"ஏன் திருப்பி அடிக்கல?" என்றாள் அம்சவேணி. "உனக்கும் அதை வச்சுவிட்டிருக்காங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம்? கோபம் வரலையா?"

"வருது," என்றாள் ஜெசிந்தா. "நானே புடிச்சு வச்சிருக்கேன்."

அம்சவேணி அவள் தலைமுடியை விட்டாள். ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"உள்ள வா," என்றாள். "வாயைக் கழுவு."